மல்பெரி நிழலில் வல்லாரை

வெள்ளிக்கிழமை, காலை

அக்கரப்பத்தனையிலிருந்து வட்டவளைக்கு நேராக ஒரு வாகனமும் கிடையாது. லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து அட்டனுக்கு இன்னொன்று, அட்டனிலிருந்து ரயில். ஒரே மலைத்தொடருக்குள் போய்வர மூன்று வாகனம் மாற வேண்டும் என்று சொன்னால் கொழும்புக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கோ அதில் ஒரு குஷி. ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் காற்றின் குளிர் ஒரு பிடி குறையும். லிந்துலையில் ஸ்வெட்டரின் மேல் பொத்தான், கொட்டகலையில் அடுத்தது, அட்டனில் ஸ்வெட்டரே பைக்குள் போய்விட்டது.

சென்கிளையர் அருவியைத் தாண்டும்போது பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மட்டும் எழுந்து நின்று படம் எடுத்தாள். மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "தண்ணி விழுறதுக்கு இவ்ளோ கூத்தா?" என்று தூக்கத்துக்குத் திரும்பினார்.

நான் பார்க்கப் போவது அருவி இல்லை. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், காடாகிப் போன பழைய தேயிலை மலையொன்றில் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள் இரண்டு பெண்கள். அந்த மல்பெரி வரிசைகளுக்கு நடுவே வல்லாரை, கீழாநெல்லி, கச்சோலம் என்று மருந்துச் செடிகளையும் வளர்க்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது அட்டன் பஜாரில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா. விவசாயம் படித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாத எனக்கு அந்தச் செய்தி போதாதா?

ரயிலுக்கு நேரம் இருந்ததால் நானாவின் கடையில் நுழைந்தேன். திப்பிலியும் அதிமதுரமும் கலந்த வாடை வாசலிலேயே மூக்கைப் பிடித்தது.

"என்ன மகள், திரும்ப இருமலா?"

"இல்ல நானா. நீங்க சொன்ன இடத்தைப் பார்க்கப் போறேன்."

"புழுப் பார்க்கவா?" கல்லாவுக்குப் பின்னாலிருந்து வாய்விட்டுச் சிரித்தார். "படிச்ச பிள்ளைக்கு வேற வேலை இல்லையா? சரி, போறதுதான் போறீங்க, அந்த ஜெயராணிக்கிட்ட ஒண்டு சொல்லுங்க. போன தடவை தந்த வல்லாரை தங்கம். கொழும்புல கேட்டு வாங்குறாங்க. மருந்தடிக்காத சரக்கு எங்க ஈக்கிது இப்ப? ஆனா கீழாநெல்லியைக் காய் பிடிச்ச பிறகு தரச் சொல்லுங்க. பிஞ்சில பிடுங்கினா எனக்கு வேணாம், சும்மா தந்தாலும் வேணாம்."

பிளேன்டீயும் ஒரு பருப்பு வடையும் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். அட்டனை விட்டு ரயில் இறங்க இறங்க மலைகளின் நிறம் மாறியது. எங்கள் பக்கத்துத் தேயிலை கருப்புக்குப் பக்கத்தில் போகும் பச்சை. இங்கே ஈரம் சொட்டும் இளம்பச்சை. ரொசல்லையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வட்டவளையில் மழை பெய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, எப்போது விடும் என்றுதான் கேட்பார்கள்.

ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர். த்ரீவீல்காரர் ஐந்நூறு கேட்டார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பெயரைச் சொன்னதும், "புழு வீட்டுக்கா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அங்க போய் பீடி பத்த வெச்சதுக்கு என்னை விரட்டிட்டாங்கங்க. புழுவுக்குப் புகை ஆகாதாம். எனக்குப் புகை இல்லாட்டி ஆகாதுன்னேன். அப்படீன்னா ரோட்டுலயே நில்லுன்னுட்டாங்க."

பிற்பகல்

ஜெயராணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அதே லயத்தில் பக்கத்து வீடான காம்பராவில் இருக்கும் புஷ்பம் ஜெயராணியின் அண்ணனின் மனைவி. இரண்டு பேரும் முன்பு ஒரே கூட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். இப்போது புழுக் கொட்டகை புஷ்பத்தின் பொறுப்பு, நிலம் ஜெயராணியின் பொறுப்பு.

"நல்ல நாள் பார்த்து வந்தீங்க" என்றார் ஜெயராணி. "நாளைக்குக் கண்டாக்கு ஐயா வர்றாரு."

கண்டாக்கு என்றால் தோட்டத்தின் வெளிவேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். இந்த அரை ஏக்கரைத் தோட்ட நிர்வாகம் இவர்களுக்கு ஒரு வருடம் செய்து பார்க்கத்தான் கொடுத்திருந்தது. வருடம் முடிந்துவிட்டது. நாளை அவர் வந்து பார்த்து, தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரைக்குச் சொல்வார். நன்றாக இருக்கிறது என்றால் நிலம் இவர்களிடம் இருக்கும். இல்லையென்றால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைப்பார்கள். ஜெயராணி மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும்.

மழை சற்று ஓய்ந்ததும் நிலத்தைச் சுற்றிக் காட்டினார். சரிவான துண்டு. மல்பெரி இடுப்பளவு உயரத்தில், வரிசை வரிசையாக. வரிசைகளுக்கு இடையே ஆள் தாராளமாக நடக்கும் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் விஷயம். நிழல் விழும் பக்கத்தில் வல்லாரை தரையோடு தரையாகப் பாய்போல் படர்ந்திருந்தது. கொஞ்சம் வெளிச்சம் படுமிடத்தில் கீழாநெல்லி. மேட்டில் கச்சோலம், அகன்ற இலைகளை மண்ணில் ஒட்டவைத்தபடி. கொட்டகையில் புழு தின்று மிச்சமான காம்பும் எச்சமும் இந்தச் செடிகளுக்கு உரமாகின்றன. வல்லாரை மண்ணை மூடிக்கொண்டிருப்பதால் மழை மண்ணை அள்ளிக்கொண்டு போவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மல்பெரியில் ஒரு துளி பூச்சிமருந்து பட்டாலும் புழு செத்துப்போகும். அதனால் இந்த நிலத்தில் எதற்குமே மருந்தடிக்க முடியாது. நானா தங்கம் என்று சொன்ன வல்லாரைக்குக் காவல் நிற்பது உண்மையில் ஒரு புழுதான்! இதை நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னபோது ஜெயராணி சிரித்தார்.

"இத அப்படியே எங்க அண்ணிக்கிட்ட சொல்லுங்க. புழுவுக்கு இலை, இலைக்கு மரம், நடுவுல உனக்கு எதுக்குடி இந்தக் குப்பைன்னு தினமும் கேக்குறாங்க."

கொட்டகைக்குள் புஷ்பம் நனைந்த மல்பெரி இலைகளைக் கொடியில் தொங்கவிட்டு உலர்த்திக்கொண்டிருந்தார். ஈர இலையைத் தின்றால் புழுவுக்கு நோய் வரும். தட்டுகளில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புழுக்கள் இலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கூரையில் மழை விழுவதுபோல் இருக்கும் என்று படித்திருக்கிறேன். வட்டவளையில் அந்த ஒப்புமை உதவாது. எது புழு, எது மழை என்று பிரிக்க முடியவில்லை.

"தொடக்கத்துல எல்லாத்தையும் சாகடிச்சோம்ல, அதச் சொன்னாளா?" என்றார் புஷ்பம்.

"என்ன ஆச்சு?"

"கொழுந்து பறிச்ச கையில்லையா? மரத்துக்கிட்ட போனா கை தானா நுனிக்குத்தான் போகுது. குட்டிப் புழுவுக்கு நுனி இலை சரி. பெருசானதுக்கு முத்தின இலை வேணும். நாங்க கடைசி வரைக்கும் கொழுந்தாவே போட்டு, எல்லாம் தண்ணியாப் போயிருச்சு. ஒரு கூடு கட்டல."

"அண்ணி கூடையையும் முதுகுலதான் மாட்டிக்கிட்டு நின்னாங்க" என்றார் ஜெயராணி.

"நீ மட்டும்? ரெண்டு மரம் பறிச்சதும் கொழுந்து நிறுவைக்கு எத்தனை மணிக்குப் போகணும்னு கேட்டவ யாரு?"

சனிக்கிழமை, காலை

ஜெயராணியின் காம்பராவில் நான் நேரம் கழித்து எழுந்தபோது மழை விட்டிருந்தது. ஜெயராணி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அண்ணி விடியவே எங்கயோ போயிட்டாங்க" என்றார். குடித்துவிட்டு இருவரும் நிலத்துக்கு ஏறினோம்.

சாலையைப் பார்த்த பக்கம் பாதி நிலம் வேறு நிலமாக இருந்தது. மல்பெரி மட்டும் நின்றது. நடுவில் ஒரு செடி இல்லை, ஒரு புல் இல்லை. ஈரச் செம்மண் கூட்டி மெழுகியதுபோல் பளிச்சென்று கிடந்தது. கானோரத்தில், அதாவது மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்காலுக்குப் பக்கத்தில், வல்லாரையும் கீழாநெல்லியும் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. புஷ்பம் கையில் களை சுரண்டும் சொரண்டியோடு, முழங்கை வரை மண்ணோடு, முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றார்.

"எப்படி இருக்கு?"

ஜெயராணி வரிசையின் முனையில் அப்படியே குந்திவிட்டார்.

"ரோட்டுல இருந்து தெரியுற பக்கத்த மட்டுந்தான் எடுத்தேன். அந்தப் பக்கம் உன்னோடது அப்படியே இருக்கு. ஒத்தையா இருந்து செஞ்சேன், ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கல."

"அண்ணி, கீழாநெல்லி இன்னும் காய் பிடிக்கல."

"அதுக்கென்ன? திரும்ப முளைக்காதா?"

எனக்குள் கோபம் ஏறியது. ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. எங்கள் தோட்டத்திலும் இதுதானே வழக்கம்? தொரை வருகிறார் என்றால் முந்தின நாளே மலையைச் சுரண்டி எடுத்துவிடுவோம். அவர் வந்துபோனபின் முதல் மழையிலேயே மண் ஆற்றுக்குப் போகும். அது வேறு கதை. புஷ்பம் தன் வாழ்நாளில் கற்ற மிகப்பெரிய மரியாதையை இந்த நிலத்துக்குச் செய்திருந்தார்.

கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

கண்டாக்கு ஐயா ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். ரெயின்கோட், கம்பூட்ஸ். சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே. இப்பத்தான் தோட்டம் மாதிரி இருக்கு."

புஷ்பம் ஜெயராணியைப் பார்த்தார். சொன்னேனா இல்லையா என்ற பார்வை. கண்டாக்கு இரண்டு வரிசை தாண்டி மேலே ஏறி, வல்லாரை படர்ந்திருந்த மறுபாதியைக் கண்டார்.

"இது என்னா, இந்தப் பக்கம் காடாக் கெடக்கு? ஆள் பத்தலையா?"

ஒரு கணம்தான். ஜெயராணி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, துளியும் தடுமாறாமல் சொன்னார்:

"இல்லைங்க ஐயா. கீழ்ப்பாதி அறுவடை முடிஞ்சிருச்சு. மேல்பாதி இனித்தான் அறுக்கணும். அந்தா, அறுத்தது குமிச்சு இருக்கு."

எவ்வளவு அழகான பொய்! அண்ணியும் தப்பினார், செடியும் தப்பியது, நிலமும் தப்பியது. நான் மனதுக்குள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே கண்டாக்கு தாடையைத் தடவினார்.

"அறுவடை முடிஞ்சிருச்சுன்னா கீழ்ப்பாதி இப்ப சும்மாதானே கெடக்கு?"

ஜெயராணி திரும்பிப் புஷ்பத்தைப் பார்த்தார்.

"நர்சரியில தேயிலைக் கன்னு மிஞ்சிக் கெடக்குது. இந்த இடைவெளியில வெச்சிருவோமே. உங்க மரமும் நிக்கட்டும், தேயிலையும் வளரட்டும். பெரிய தொரையும் சந்தோஷப்படுவாரு. நிலத்தைப் பறிச்சதாவும் இருக்காது."

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தேயிலை வந்தால் கூடவே மருந்து டாங்கியும் வரும். மருந்தடித்த காற்று மல்பெரி இலையில் படும். அந்த இலை கொட்டகைக்குள் போன மறுநாள் தட்டுகளில் ஒரு சத்தமும் இருக்காது. கீழ்ப்பாதியைக் கொடுத்தால் மேல்பாதியையும் கொடுத்ததுபோலத்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர், அது முடியாது. மருந்தடிச்சா..."

"நீங்க யாரு தங்கச்சி? யூனியனா?"

"இல்ல. சும்மா பார்க்க வந்தேன்."

"அப்ப பாருங்க."

பார்த்தேன். ஜெயராணி தான் கட்டிய பொய்க்குள் தானே சிக்கிக்கொண்டார். அறுவடை முடியவில்லை என்று இப்போது சொன்னால் அண்ணியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் நிலம் போகும்.

சொரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

"ஐயா, அவ பொய் சொல்றா" என்றார் புஷ்பம்.

"அண்ணி, சும்மா இருங்க."

"நீ சும்மா இரு. ஐயா, அறுவடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான் விடியக்காலையில வந்து எல்லாத்தையும் பிடுங்கினேன். அது அவ வளர்த்த பயிருங்க. அட்டன்ல விலைக்கு எடுக்குறாங்க."

கண்டாக்கு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பயிர்னு தெரிஞ்சா ஏன் பிடுங்கின? களைன்னு நெனச்சியா?"

"நான் நெனைக்கலைங்க. நீங்க நெனப்பீங்கன்னு நெனச்சேன்."

மேலேயிருந்து ஒரு நாய் குரைத்தது. கண்டாக்கு மெதுவாக நடந்து குவியலுக்குப் போனார். குனிந்து ஒரு கீழாநெல்லியை எடுத்தார். இலைக்காம்பைத் திருப்பி அடியில் காய் இருக்கிறதா என்று விரலால் தடவினார். அவர் வீட்டிலும் யாருக்காவது மஞ்சள்காமாலை வந்திருக்க வேண்டும்.

"நெனச்சேன்" என்றார் கடைசியில். "இப்ப மேல ஏறிப் பார்த்ததும் அதத்தானே நெனச்சேன்." சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. "நான் நெனச்சா பெரிய தொரையும் நெனப்பாரு. அவரு ஜீப்ப விட்டு எறங்க மாட்டாரு."

பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே தருகிறேன், தோட்டத்து நியாயம் முழுவதும் அதில் இருப்பதால்:

"போர்டு போடுங்க. ஒவ்வொரு வரிசைக்கும் ஒண்ணு. பேரு எழுதி, நட்ட மாசம் எழுதி. போர்டு இருந்தா பயிரு. இல்லாட்டி புல்லு. மலைக்கு நம்பர் போடுற பெயிண்டு ஸ்டோர்ல மிச்சம் இருக்கு, ஆளனுப்புங்க தாறேன்."

"தேயிலைக் கன்னு?" என்றார் ஜெயராணி.

"அடுத்த தடவை கூடு கட்டுற வரைக்கும் வராது. அதுக்கு மேல என் கையில இல்லம்மா." வண்டியில் ஏறியவர் திரும்பிப் புஷ்பத்தைப் பார்த்தார். "உன்ன எதுக்குப் புழுவுக்குள்ள விட்டாங்க? புல்லுப் பிடுங்குற சில்லறை வேலைக் கூட்டத்துக்கு நீதான் கங்காணியா இருக்கணும். ஒரு வேரு மிச்சமில்ல."

பிற்பகல்

வல்லாரை லேசில் சாகாது. கணுவில் வேர் இருந்தால் ஈர மண்ணில் மறுபடி பிடித்துக்கொள்ளும். குவியலைப் பிரித்து, வாடாத கொடிகளை எடுத்து, வரிசைகளுக்கு நடுவே மூவரும் ஊன்றினோம். கீழாநெல்லி போனது போனதுதான். நானா சும்மா தந்தாலும் வாங்கமாட்டார் என்பதைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டதே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

போர்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. பழைய பலகைத் துண்டுகளில் வெள்ளைப் பெயிண்டால் வல்லாரை, கீழாநெல்லி, கச்சோலம் என்று எழுதினேன். சிங்களத்திலும் எழுதச் சொன்னார் ஜெயராணி, ஜீப்புக்குள் இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே. வல்லாரைக்கு 'கொட்டுக்கொளை' என்று சிங்கள எழுத்தில் எழுதும்போது கை கொஞ்சம் வளைந்துதான் போனது.

இரண்டு பெண்களும் காலையிலிருந்து ஒருவரோடொருவர் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து வரிசையில் குனிந்து, ஒரே வேகத்தில் நகர்ந்தார்கள். வரிசை முடியும் இடத்தில் புஷ்பம் நிமிர்ந்து, ஒன்றுமில்லாத மண்ணில் நின்ற கீழாநெல்லி போர்டைப் பார்த்தார்.

"செடி இல்லாம இது எதுக்குடி நிக்குது?"

"நிக்கட்டும். தொரை வந்தா நட்டிருக்குன்னு நெனப்பாரு."

"திரும்பப் பொய்யா?"

"போர்டுல பொய் எழுதலையே. பேருதானே எழுதியிருக்கு."

புஷ்பம் கையிலிருந்த மண்கட்டியை எறிந்தார். ஜெயராணி விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரின் வாயும் மூடவே இல்லை. புழுவுக்கு இலை போடும் நேரமாகிவிட்டது என்று புஷ்பம் கொட்டகைக்கு ஓடும்வரை, ஜெயராணியின் அண்ணன் பீடி குடிக்கும் கதையிலிருந்து அடுத்த லயத்துக் கல்யாணம் வரை எல்லாம் அலசப்பட்டன.

ரயில் அரைமணி தாமதம். ஸ்டேஷனில் நின்று எதிர்மலையைப் பார்த்தேன். எவ்வளவு ஒழுங்கான மலை! எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆகிறது. அந்த இருநூறு வருடமும், முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் அல்லாத எல்லாவற்றையும் பிடுங்கிப் பிடுங்கி உண்டாக்கிய ஒழுங்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதன்முறையாக அந்த அழகு எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அக்கரப்பத்தனை

மறுபடி ஸ்வெட்டர். மறுபடி கருப்புக்குப் பக்கத்துப் பச்சை. லயத்துக்குப் பின்னால் எங்களுக்கும் ஒரு கையளவு நிலம் இருக்கிறது. லீக்ஸ் போட்டிருக்கிறோம். வேலையில்லாத நாளானதால் அம்மா அதில் குனிந்து நின்றார். லீக்ஸுக்கு நடுவே தானாக முளைத்த வல்லாரையைக் கொத்தோடு பிடுங்கி வேலிக்கு வெளியே வீசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அதப் பிடுங்குறீங்க? லீக்ஸ என்னா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. பார்க்க நல்லாவா இருக்கு?"

"யாரு பார்க்க?"

அம்மா நிமிர்ந்தார். கையில் வல்லாரையோடு, வேலிக்கு அப்பால் சாலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை அந்தச் சாலையில் ஒருவருமே இல்லை.